131-ஆம் சீட்டு

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இந்த டைரி ஜனவரியில் கம்பெனி கொடுத்தது. இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. இன்று எழுதக் காரணம் கேஸ். காலையில் தீர்ந்துவிட்டது. போன சிலிண்டரை எப்போது மாட்டினோம் என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. அதெல்லாம் அரசிக்குத்தான் தெரியும். முழுப்பெயர் மங்கையர்க்கரசி, வீட்டில் அரசி. புதுக்கோட்டையில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். பத்து நாள் இருந்துவிட்டு வருவதாகத்தான் போனாள். பதினைந்து நாள் ஆகிறது.

இனிமேல் எதையும் தேதி போட்டுக் குறித்து வைப்பேன். சிலிண்டர் மாட்டியது: இன்று.

ஜூலை ஆறாம் தேதி ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. முப்பத்தாறாவது வாரம். பெண் குழந்தை. பிறக்கும்போதே உயிர் இல்லை. காரணம் சொல்ல முடியாது என்றார் டாக்டர். துவாக்குடியில் பாய்லர் குழாய் செய்யும் கம்பெனியில் வெல்டிங் பரிசோதிப்பது என் வேலை. காரணம் இல்லாமல் எந்த இணைப்பும் விட்டுப்போகாது என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். போகட்டும்.

சாயங்காலம் பர்வீன் போன் செய்தாள். அரசியோடு அகராதி அலுவலகத்தில் வேலை செய்பவள்.

"சார், அரசி வீட்டுக்கு எடுத்துட்டுப் போன யு எழுத்துப் பெட்டி எனக்கு வேணும்."

"எந்தப் பெட்டி?"

"செருப்புப் பெட்டி சார். உள்ள செருப்பு இருக்காது, சீட்டு இருக்கும். கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சு, இன்னும் தெரியாதா?"

தெரியும். திறந்து பார்த்ததில்லை. அவ்வளவுதான்.

இன்று திறந்தேன். கையகலச் சீட்டுகள். ஒரு சீட்டுக்கு ஓர் ஆங்கிலச் சொல். அதற்குத் தமிழில் பொருள். கீழே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். மேல் மூலையில் வரிசை எண் முத்திரை. இந்த ஒரு ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. எண்ணினேன். 214 இருக்க வேண்டும், 213 இருந்தது. 131 இல்லை. மூடியின் உட்பக்கம் ஒட்டியிருந்த பட்டியலில் பார்த்தால், 131 யூஸ்ஃபுல்.

பர்வீனிடம் சொன்னேன். "போயும் போயும் அதுதானா?" என்றாள். "செப்டம்பர் பத்து அச்சுக்குப் போகணும் சார். அரசிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

"போன் எடுக்கறதில்ல."

"உங்க போனையுமா?" என்றாள்.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஒரு விதத்தில் நல்லது. தினமும் இரண்டு முறை அவளுக்குப் போன் செய்கிறேன். எடுத்தால் என்ன பேசுவது என்று எனக்கே தெரியாது. சீட்டு விஷயம் என்றால் பேசலாம். வேலை விஷயம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

இருபத்திரண்டு இணைப்பு பார்த்தேன். மூன்றைத் தள்ளினேன். மூன்றும் லூர்துசாமி செய்தவை. எக்ஸ்ரே பிலிமில் கடுகு தெளித்த மாதிரி காற்றுக்குமிழ். கம்பெனியிலேயே நல்ல வெல்டர் அவன்தான்.

"என்ன லூர்து, கண்ணை மூடிக்கிட்டுப் பத்தவெச்சியா?"

"பாதிக் கண்ணு மூடித்தான் சார் இருந்துச்சு. பாப்பா தூங்கவே விடல." சிரித்தான். உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டான். என் முன்னால் எல்லோரும் இப்படித்தான் பாதியில் நிறுத்துகிறார்கள். எரிச்சலாக இருக்கிறது.

செப்டம்பர் முதல் தேதி பொன்மலைக் கோவிலில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றான். "கூப்பிடலாமா கூடாதான்னு தெரியல சார். வீட்ல ஃபிலோதான் கூப்பிடணும்னா. நீங்க குடுத்த துணிதான் பாப்பா தினம் போட்டிருக்கு."

வருகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சீட்டு எங்கும் இல்லை. கட்டிலுக்கு அடியில், ஃபிரிட்ஜுக்குப் பின்னால், அவளுடைய கைப்பை, தையல் மிஷின் இழுப்பறை, எல்லாம் பார்த்தாயிற்று. தேடுவதைவிடப் புதிதாக எழுதுவது சீக்கிரம் முடியும். ஒரு சொல்தானே. அவளுடைய தலையணை அளவு ஆங்கில அகராதியை எடுத்து உட்கார்ந்தேன்.

அரை மணி என்று நினைத்தேன். மூன்று மணி நேரம் போய்விட்டது. இந்தச் சின்னச் சொல்லுக்கு இவ்வளவு பேச்சு. பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்ததாம். லத்தீனில் 'ஊத்தி'. அதற்குப் பயன்படுத்து என்று ஒரு பொருள், அனுபவி என்று ஒன்று, ஒருவரோடு நெருங்கிப் பழகு என்று இன்னொன்று. ஒரே வினைக்கு மூன்று வேலை. இப்படி ஒரு வரைபடத்தை என்னிடம் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அதற்கு முன்னால் ஆங்கிலேயரிடம் சொந்தமாக ஒரு சொல் இருந்திருக்கிறது. பயன்படுத்து, அனுபவி, தின்றதைச் செரித்துக்கொள், எல்லாவற்றுக்கும் அதுதான். லத்தீன் சொல் வந்து அதைத் தள்ளிவிட்டது. அந்தப் பழைய சொல் 'ப்ரூக்' என்று இன்னும் ஒரு மூலையில் இருக்கிறது. பொறுத்துக்கொள் என்று பொருள். அதுவும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லும்போதுதான் வருகிறதாம்.

இதெல்லாம் எனக்கு எதற்கு? எழுதினேன். யூஸ்ஃபுல்: பயனுள்ள. எடுத்துக்காட்டு: சுத்தியல் ஒரு பயனுள்ள கருவி. வாட்ஸப்பில் பர்வீனுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"இது யார் சொன்னது சார்?"

"நான்தான்."

"யார்கிட்ட? எப்போ?"

"யார்கிட்டயும் இல்ல. எழுதினேன்."

"அப்ப செல்லாது. எங்க அகராதியில ஒரு சட்டம் இருக்கு. வாக்கியத்தை உக்காந்து செய்யக் கூடாது. யாராவது நிஜமா வாயால சொல்லியிருக்கணும், எழுதறவங்க காதால கேட்டிருக்கணும். யார், எங்க, என்னிக்குன்னு பின்னாடி பென்சில்ல குறிக்கணும். சுத்தியல் ஒரு பயனுள்ள கருவின்னு உங்க வீட்ல யாராவது பேசுவாங்களா சார்? பேசினா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவாங்க."

அரசி இந்தச் சட்டத்தைப் பற்றி எப்போதாவது சொல்லியிருப்பாள். நான் கவனித்திருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 21, புதன்

தண்ணீர் லாரி வந்தது. அரைக் குடம்கூடச் சிந்தாமல் பிடித்தேன். மோட்டார் வாஷர் மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 22, வியாழன்

மற்றச் சீட்டுகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க, ஒவ்வொன்றாகப் பின்பக்கம் திருப்பினேன்.

அன்டில். எடுத்துக்காட்டு: மூணு விசில் வர்ற வரைக்கும் அடுப்புகிட்ட போகாத. பின்னால் பென்சிலில்: கணவர், அடுப்படி, பிப்ரவரி 11.

அன்டர்ஸ்டாண்ட். நான் சொல்றது புரியுதா? புரியலன்னா புரியலன்னு சொல்லு, சும்மா தலையாட்டாத. கணவர், பால்பண்ணை பஸ் ஸ்டாப், ஜனவரி 27.

அர்ஜென்ட். அகராதிக்கு என்ன அவசரம், சொல்லு கிடைக்காம யாராவது செத்துட்டாங்களா? கணவர், வாசல், மார்ச் 3.

பால்காரர், பக்கத்து வீட்டம்மா, கண்டக்டர், அத்தை எல்லோரும் இருக்கிறார்கள். ஆனால் எண்ணிப் பார்த்தேன். 213-இல் 41 என்னுடையவை. நான் பேசியதையெல்லாம் இவள் நான்கு வருஷமாகக் காதில் வாங்கி எழுதி வைத்திருக்கிறாள். நானோ அவள் சொன்ன ஒரு வாக்கியத்தைத் தேதியோடு சொல் என்றால் முழிப்பேன்.

41-இல் 38 அதட்டல். அதட்டல் என்று நானே வகைப்படுத்தினேன்.

அன்பார்ன் என்று ஒரு சீட்டு. பிறக்காத, கருவில் உள்ள. எடுத்துக்காட்டு: உள்ள இருக்கறவளுக்கு இப்பவே காது கேக்குமாம், இனிமே நான் கெட்ட வார்த்தை பேசக் கூடாது. கணவர், மாடிப்படி, ஜூன் 2.

பெண் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அப்படி ஓர் ஆசை எனக்கு.

பெட்டியை மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பைக்கில் புதுக்கோட்டை போனேன். ஒரு மணி பத்து நிமிடம். அத்தைதான் கதவைத் திறந்தார். "வாங்க மாப்ள" என்றார். உள்ளே பார்த்து, "அரசி, யாரு வந்திருக்கான்னு பாரு" என்றார், யார் என்று அவளுக்குத் தெரியாத மாதிரி.

வந்தாள். இளைத்திருக்கிறாள். "சாப்டீங்களா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். பொய். அவளுக்குத் தெரியும், தோசை வார்த்துக் கொடுத்தாள். மூன்று தின்றேன்.

"நூத்தி முப்பத்தொண்ணாம் சீட்டக் காணோம். பர்வீன் கேக்கறா."

"அங்கதான் இருக்கும்."

"எல்லா இடமும் பாத்துட்டேன்."

"எல்லா இடமும்னா?"

எல்லா இடமும் என்றால் எல்லா இடமும். அவள் என்னைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு, "மர அலமாரிக் கீழ்த்தட்டு இன்னும் காலியாத்தான் கிடக்குதா?" என்றாள்.

"இல்ல. என் டூல்ஸெல்லாம் எடுத்து அதுல வெச்சுட்டேன். இடம் சும்மாத்தானே கெடந்துச்சு."

எழுந்து அறைக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தமாகச் சாத்தவில்லை.

கிளம்பும்போது வண்டி வரை அத்தை வந்தார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "போன வாரம் வரைக்கும் பால் கட்டிக்கிட்டு ரொம்பக் கஷ்டப்பட்டா மாப்ள. குடிக்க ஆள் இல்லன்னு அதுக்குத் தெரியுமா? அங்க உங்க வீட்ல இருந்தப்பவே மல்லிப்பூ வெச்சுக் கட்டி விட்டேன். பால் வத்தறதுக்கு அப்படித்தான் செய்வோம். எனக்கே சொல்லக் கூச்சமா இருந்துச்சு, அதான் உங்ககிட்ட சொல்லல."

வழியில் கீரனூரில் டீ குடித்தேன். பெட்ரோல் போட்டேன்.

ஜூலை பத்தாம் தேதி சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது வீடு முழுக்க மல்லிகை வாசம். அறைக்குள் எட்டிப் பார்த்து, "இப்பப் போய் எதுக்குப் பூ?" என்று கேட்டேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்று கோபப்பட்டது ஞாபகம் இருக்கிறது.

ஆகஸ்ட் 26, திங்கள்

கீழ்த்தட்டு விஷயத்தை எழுதிவிடுகிறேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

அந்தத் தட்டில் குழந்தைத் துணி இருந்தது. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி குத்தும், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய துணிதான் ஆகும் என்று, என்னுடைய பழைய வேட்டிகளை வெட்டி அரசி கையாலேயே சின்னச் சட்டை தைத்தாள். மொத்தம் பதினொன்று. அதோடு தூளிக்கு ஒரு சேலை, ஏழெட்டு இடுப்புத் துணி. ஜூலை பத்தாம் தேதி காலையில், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள், அவள் தூங்கும்போது அதை அப்படியே பைகளில் போட்டு லூர்துசாமியிடம் கொடுத்தேன். அவன் மனைவி ஃபிலோவுக்கு அந்த மாதம்தான் பிரசவம். சாயங்காலம் அரசியிடம் சொன்னேன், மல்லிகைப் பேச்சுக்கு அப்புறம். "துணியெல்லாம் லூர்துக்குக் குடுத்துட்டேன், யாருக்காவது பயன்படட்டும்" என்றேன்.

இதில் என்ன தப்பு? வைத்திருந்தால் பூச்சி அரிக்கும். பார்க்கும்போதெல்லாம் அழுவாள். இன்னொரு குழந்தைக்கு உதவும். பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பேரும் சரி என்றுதான் சொல்வார்கள்.

பத்துப் பேரிடம் கேட்கவில்லை. ஒருவரிடமும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நான்கு இணைப்பு தள்ளினேன். மாலையில் மறுபடி பார்த்தபோது அதில் இரண்டு சரியாகத்தான் இருந்தது. இப்படி எனக்கு ஆனதில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

பெட்டியைக் கொண்டுபோய் அகராதி அலுவலகத்தில் பர்வீனிடம் கொடுத்தேன். 131 இல்லாமல்தான். புத்தூரில் ஒரு மாடியில் மூன்று அறை. நான்கு வருஷத்தில் முதல்முறை படியேறுகிறேன். எத்தனையோ நாள் கீழேயே நின்று ஹாரன் அடித்திருக்கிறேன்.

அரசியின் மேஜையில் தூசி இல்லை. துடைத்து வைக்கிறார்கள். அதன் மேல் பெரிய தமிழ் அகராதி ஒன்று, நடுவில் நூல் வைத்து. "யூஸ்ஃபுல்லுக்காகத்தான் பாத்துக்கிட்டிருந்தா, அப்படியே வெச்சிருக்கேன்" என்றாள் பர்வீன்.

பிரித்தேன். 'பய' என்ற வினைக்குப் பக்கத்தில் அவளுடைய பென்சில் கோடு. விளை, பலன் கொடு, உண்டாக்கு, பிள்ளை பெறு. பயன் என்ற சொல் இதிலிருந்துதான் வருகிறதாம். ஓரத்தில் சின்ன எழுத்தில்: ஜூன் 18. இவரிடம் சொல்ல வேண்டும்.

சொல்ல வந்தாள். நினைவிருக்கிறது. ஜூனில் ஒருநாள், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, "இன்னிக்கு ஒரு சொல்லு பாத்தேங்க" என்று ஆரம்பித்தாள். "மொதல்ல சோத்தப் போடு" என்றேன்.

"படிச்சீங்களா?" என்றாள் பர்வீன்.

"படிச்சேன்."

"அவகிட்டயிருந்து நாங்க எல்லாரும் கேட்டாச்சு. அன்னிக்குப் பூரா வயித்துல கைய வெச்சுக்கிட்டு இதையே சொல்லிட்டுத் திரிஞ்சா. நீங்க ஒருத்தர்தான் பாக்கி." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க சார். எனக்கு வாய் நீளம்" என்றாள்.

அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

ஆகஸ்ட் 31, சனி

நாளை ஞானஸ்நானம். ஃபிலோவிடம் ஒரே ஒரு சட்டையைத் திருப்பிக் கேட்கப் போகிறேன். பதினொன்றில் ஒன்று. அதை அரசியிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். பதிலுக்குக் கடையில் நல்ல செட்டாக இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். நியாயமான ஏற்பாடுதான்.

செப்டம்பர் 1, ஞாயிறு

கேட்கவில்லை.

கோவில் முடிந்து அவர்கள் வீட்டில் சாப்பாடு. குழந்தையின் வெள்ளைக் கவுனைக் கழற்றிவிட்டு வேறு மாற்றிக்கொண்டு வந்தாள் ஃபிலோ. பச்சைக் கரை வைத்த சட்டை. அந்தக் கரையை எனக்குத் தெரியும். என் கல்யாணத்துக்கு அடுத்த பொங்கலுக்கு எடுத்த வேட்டி.

"இது மட்டும்தான் சார் இவளுக்கு ஒத்துக்குது" என்றாள். "கடையில வாங்கினதப் போட்டாலே தடிப்புத் தடிப்பா வந்துருது. அரசியக்கா கைத்தையல் உள்பக்கம்கூட உறுத்தாது. ஒரு சட்டையத் துவைச்சுக் காயப்போட்டுட்டு அடுத்ததுன்னு பதினொண்ணையும் ஓட்டிக்கிட்டிருக்கோம்."

என் பையில் கடையில் வாங்கிய இரண்டு செட்டு. கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

"தூக்குறீங்களா சார்?" என்றான் லூர்து. ஃபிலோ அவன் கையில் கிள்ளியதைப் பார்த்தேன். தூக்கினேன். கனமே இல்லை. ஐந்து வாரக் குழந்தை. சட்டைக் கை நீளமாக இருந்ததால் மடித்து விட்டிருந்தார்கள்.

கிளம்பும்போது ஃபிலோ உள்ளேபோய் பைபிளைக் கொண்டுவந்து, நடுவிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். "ஒரு சட்டை மடிப்புக்குள்ள இது இருந்துச்சு சார். அக்கா எழுத்து. தூக்கிப் போட மனசு வரல. இவருகிட்ட குடுத்துவிடலாம்னா, வெல்டிங் பட்டறையில எங்கயாவது போட்டு எரிச்சுருவாரு."

131.

எல்லா இடத்திலும் தேடிவிட்டேன் என்றேனே. துணியோடு சேர்த்து நானே தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

யூஸ்ஃபுல். பயன்படுகிற, உதவுகிற. எடுத்துக்காட்டு: நல்ல வேட்டியா இருந்தா என்ன, கிழிச்சுக்கோ, இத விட ஒசத்தியா இது எதுக்குப் பயன்படப்போகுது?

பின்பக்கம்: கணவர், வீடு, ஜூன் 9.

நான் சொன்னதுதான். பச்சைக் கரை வேட்டி நன்றாக இருக்கிறதே, வெட்டலாமா என்று அவள் தயங்கியபோது சொன்னேன். மறந்தே போயிருந்தேன். தட்டில் அடுக்கும்போது அந்தச் சட்டைக்குள்ளேயே வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 2, திங்கள்

லீவு சொல்லாமல் புதுக்கோட்டை போனேன்.

சீட்டை நீட்டினேன். எங்கிருந்து கிடைத்தது என்று கேட்கவில்லை. அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. முன்பக்கம் படித்தாள், பின்பக்கம் படித்தாள். பென்சில் கேட்டாள். என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். கொடுத்தேன். முதல் வாக்கியத்துக்குக் கீழே இன்னொன்று எழுதினாள். எழுதிவிட்டு என்னிடமே கொடுத்தாள்.

துணியெல்லாம் குடுத்துட்டேன், யாருக்காவது பயன்படட்டும். கணவர், வீடு, ஜூலை 10.

"ஒரு சீட்டுக்கு ரெண்டு எடுத்துக்காட்டு இருக்கலாம்" என்றாள். "அச்சுக்குக் குடுத்துருங்க."

நான் அங்கேயே நின்றேன். "கேட்டிருக்கணும் உன்ன" என்றேன்.

"ஆமா."

"கேட்டிருந்தா?"

"நானே குடுத்திருப்பேன். ஒருநாள் என்கிட்ட வெச்சிருந்துட்டுக் குடுத்திருப்பேன்."

கூடத்தில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. சமையலறையில் அத்தை பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோனது.

"பாப்பா போட்டிருந்துச்சா?" என்றாள்.

"போட்டிருந்துச்சு. பச்சைக் கரை."

"சரியா இருந்துச்சா?"

"கை கொஞ்சம் நீளம். மடிச்சு விட்டிருந்தாங்க."

அப்போதுதான் அழுதாள். ஜூலையிலிருந்து நான் பார்க்க அவள் அழுதது இதுதான் முதல்முறை. அழுகையோடேயே சொன்னாள். "பதினொண்ணு தைச்சேங்க. ஒண்ணுகூட அவ போடல. ஆஸ்பத்திரித் துணியில சுத்திக்கிட்டுப் போனீங்க. ஒண்ண எடுத்துட்டு வந்து போட்டுவிட்டிருக்கலாம்ல."

அவளிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். அன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள். "வீட்லேருந்து துணி எதாவது கொண்டு வந்திருக்கீங்களா சார், போட்டுத் தரவா?" வீடு இருபது நிமிடத் தூரம். கீழ்த்தட்டில் பதினொன்று இருப்பது எனக்குத் தெரியும். "எதுக்கு சிஸ்டர்" என்றேன். "இனி அது எதுக்கு?"

நானே தூக்கிக்கொண்டு போனேன். நானே மண் தள்ளினேன். அதையும் வேகமாக முடித்தேன்.

செப்டம்பர் 4, புதன்

சீட்டைப் பர்வீனிடம் கொடுத்தேன். இரண்டு வாக்கியத்தையும் படித்தாள். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டாவதும் போகணுமா சார்?"

"அவ எழுதியிருக்கா. போகட்டும்."

"யார் சொன்னதுங்கறது புஸ்தகத்துல வராது. வாக்கியம் மட்டும்தான் வரும்."

"தெரியும்."

காப்பி வரவழைத்தாள். குடித்தோம். இந்த முறை அவள் என்னைக் குத்தி எதுவும் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

செப்டம்பர் 5, வியாழன்

மோட்டார் வாஷர் மாற்றினேன்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. லீவு. கீழ்த்தட்டிலிருந்து டூல்ஸ் எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். தட்டில் எண்ணெய்க் கறை. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீரில் துடைத்து, வாசம் போகக் கதவைத் திறந்தே வைத்தேன். பின் மூலையில், பலகைச் சந்தில், ஒரு சின்ன நூல்கண்டு கிடந்தது. வெள்ளை நூல், ஊசி குத்தியபடி. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலை பத்து நாற்பதுக்குப் போன் அடித்தது. அரசி. நான் கூப்பிடவில்லை. அவளாகவே கூப்பிட்டாள்.

"சீட்டு குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு."

"கேஸ் இருக்கா?"

"ஆகஸ்ட் பதினெட்டு மாட்டுனேன்."

"எழுதி வெக்கிறீங்களா?"

"ஆமா."

எப்போது வருவாய் என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கீழ்த்தட்டுல இப்ப என்ன வெச்சிருக்கீங்க?" என்றாள்.

"ஒண்ணும் வெக்கல. உன் நூல்கண்டு ஒண்ணு கெடந்துச்சு. அதத் தொடல."

மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

"சரி."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. வைத்துவிட்டாளோ என்று ஒரு முறை பார்த்தேன், வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு காக்கை கத்தியது. பிறகு தெருவில் யாரோ கீரை விற்றுக்கொண்டு போனார்கள். அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இருபத்தொரு நிமிடம்.